நாற்றுகளின் தாய் யார்?

கடலோரம் எங்கும் அலையாத்தி நடப்படுகிறது. எத்தனை லட்சம் கன்றுகள், எத்தனை ஹெக்டேர், எத்தனை பிழைத்தன என்று கேட்கிறோம். அரசும் கணக்குச் சொல்கிறது. அந்தக் கன்றுகளுக்கு எத்தனை தாய்மரங்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அதைக் கண்டறியும் கருவி ஆய்வகங்களில் இருக்கிறது. நாற்றங்காலுக்குத்தான் வந்து சேரவில்லை.

2023-24 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘மிஷ்டி’ திட்டம், ஐந்தாண்டுகளில் நாடெங்கும் ஏறத்தாழ 540 சதுர கிலோமீட்டரில் அலையாத்திக் காடுகளை வளர்க்கவும் மீட்கவும் இலக்கு வைத்தது. தமிழ்நாட்டில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம், காலநிலை மாற்ற இயக்கம், ஈரநில இயக்கம் என மூன்றும் இந்த வேலைக்குள் வருகின்றன. 2021-ஆம் ஆண்டின் இந்திய வன அறிக்கைப்படி மாநிலத்தின் மொத்த அலையாத்திப் பரப்பு 45 சதுர கிலோமீட்டர்தான். இவ்வளவு சிறிய காட்டில் பொறுக்கிய விதைகளிலிருந்துதான் நாளைய காடுகள் எழ வேண்டும்.

இந்த அவசரத்தில் தவறில்லை. 2004 சுனாமியில் பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்கள் மற்ற இடங்களைவிடக் குறைவாகவே அடிபட்டன என்பதை மக்களும் பார்த்தார்கள், ஆய்வாளர்களும் எழுதினார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டையே உருக்குலைத்துப் போட்டபோது, அந்த மரங்கள் யாருக்காக அடி வாங்கின என்பதும் தெரிந்தது. ஆகவே நடுவது நல்லது. எதை நடுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

விதை சேகரிக்கும் வேலை எப்படி நடக்கும் என்று பார்ப்போம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் காய்கள் முதிரும். கூலிக்கு ஆள் வைத்துப் படகில் அனுப்புவார்கள். வாய்க்கால் ஓரத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், நிறையக் காய்த்து நிற்கும் மரத்தைத்தான் யாரும் முதலில் நாடுவார்கள். சாக்கு நிறைந்தால் வேலை முடிந்தது. எண்ணிக்கைக்குத்தான் கூலி, எத்தனை மரங்களில் பறித்தாய் என்று கேட்பாரில்லை.

இப்படிச் சேர்ந்த பத்தாயிரம் கன்றுகள் நான்கைந்து மரங்களின் பிள்ளைகளாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. நாற்றங்காலில் பார்த்தால் செழிப்பாகத்தான் இருக்கும். நட்ட பிறகும் பச்சைப் பசேலென்று வளரும். சிக்கல் அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது. உடன்பிறந்த மரங்களே தமக்குள் மகரந்தம் மாற்றிக்கொள்ளும். சுரபுன்னை என்ற அலையாத்தி வகைகள் தம் மகரந்தத்தாலேயே கருவுறவும் கூடியவை என்பதால் அங்கே இது இன்னும் கூர்மையாகிறது. முளைப்புத் திறன் குறையலாம், கன்றுகள் நலிந்து போகலாம். ஒரு பூச்சியோ பூஞ்சையோ ஒரு மரத்தைச் சாய்க்கும் வழியைக் கண்டுகொண்டால், அந்த வழி பக்கத்து மரத்துக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பழனி மலையடுக்குகளிலும் சிறுமலையிலும் கொடிகட்டிப் பறந்த விருப்பாட்சி மலைவாழை, முடிக்கொத்து நோயில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. கிழங்கிலிருந்து கிழங்காகப் பெருக்கிய வாழை அது. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் மரபளவில் பெரிய வேறுபாடு இருக்கவில்லை. நோய்க்கும் எங்கும் தடை இருக்கவில்லை.

வாழைத் தோட்டத்தில் விவசாயி அடுத்த ஆண்டே வேறு கன்று வைக்கலாம். அலையாத்திக் காடு ஒரு தலைமுறைக்கான முதலீடு. முப்பது ஆண்டு கழித்துத் தெரியவரும் பிழையைத் திருத்த முப்பது ஆண்டு பின்னோக்கிப் போக முடியாது.

திக்குவாயும் தடயமும்

ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் உள்ள உறவை இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே தாயின் கன்று உப்பு கூடிய இடத்தில் குள்ளமாகவும் நன்னீர் வரும் இடத்தில் நெடுநெடுவென்றும் நிற்கும். மாறாக, தோற்றத்தில் அச்சாக ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மரங்கள் மரபில் வெகுதூரத்தில் இருக்கலாம். உள்ளே எழுதியிருப்பதைப் படித்தால்தான் உண்டு.

அதைப் படிக்க முழு மரபணுத் தொகுதியையும் புரட்ட வேண்டியதில்லை. டி.என்.ஏ.வில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் திக்குவாயர் பேச்சைப்போலத் திரும்பத் திரும்ப வரும். ஒரு மரத்தில் அது பன்னிரண்டு முறை வந்தால் இன்னொன்றில் பதினேழு முறை வரும். பிள்ளை மரத்தில் அப்பனிடமிருந்து ஓர் எண், அம்மாவிடமிருந்து ஓர் எண். இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து இடங்களைத் தேர்ந்தெடுத்து எண்களை எடுத்தால், எந்த மரம் எதற்கு உறவு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். இந்த இடங்களைத்தான் மரபணுக் குறிப்பான்கள் என்கிறார்கள். ஒற்றை எழுத்து மாறியிருக்கும் இடங்களையும் இதற்குப் பயன்படுத்துவார்கள்; இன்று அதுவே பெருவழக்காகி வருகிறது.

கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில் முதற்கட்டம்தான் கடினம். ஓர் இனத்துக்குக் கண்டுபிடித்த குறிப்பான் அடுத்த இனத்தில் பலிக்கும் என்ற உறுதி இல்லை. நெருங்கிய உறவுள்ள இனங்களில் சில பலிக்கும், பல கைவிடும். ஆகவே இனத்துக்கு இனம் புதிதாகத் தேட வேண்டும். டி.என்.ஏ.வின் ஒரு பகுதியையாவது வரிசைப்படுத்தி, திக்கும் இடங்களைக் கணினியில் பொறுக்கி, ஒவ்வொன்றையும் கரோனா காலத்தில் நமக்கெல்லாம் பழக்கமான அதே பி.சி.ஆர். முறையில் பெருக்கிப் பார்க்க வேண்டும். பல இடங்கள் பெருகவே மறுக்கும். பெருகினாலும் எல்லா மரத்திலும் ஒரே எண்ணைக் காட்டினால் பயனில்லை. வடிகட்டிய பிறகு கையில் நிற்பவை சிலவே.

அலையாத்தி இலைகள் இதில் தனித் தொல்லை. கடலோர வெயிலையும் உப்பையும் தாங்குவதற்காக அவை தம்முள் சேர்த்து வைத்திருக்கும் துவர்ப்புப் பொருள்களும் பிசுபிசுப்பும் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வரும். சுத்தம் செய்யாவிட்டால் பி.சி.ஆர். ஓடாது. இந்தத் துறையில் நுழையும் ஆராய்ச்சி மாணவர்களின் முதல் பல மாதங்கள் இந்தப் பிசுக்கோடுதான் கழியும்.

இன்னொரு வகைக் குறிப்பானும் உண்டு. இலையின் பசுங்கணிகத்தில் உள்ள டி.என்.ஏ. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் தாய்வழியாக மட்டுமே வருவது. மகரந்தம் எங்கே போனது என்பதை விட்டுவிட்டு, விதை எங்கிருந்து மிதந்து வந்தது என்பதை அது காட்டும். கடலில் மிதந்து பரவும் செடிகளுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. மலாய் தீபகற்பத்தின் இருபுறமும் வளரும் ஒரே இன அலையாத்திகள் மரபில் தெளிவாகப் பிரிந்து நிற்பதை இப்படித்தான் கண்டார்கள். பனியுகத்தில் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தபோது, இன்றைய மலேசிய, இந்தோனேசியக் கடல்களின் பெரும்பகுதி தரையாக இருந்தது. வங்கக் கடலின் விதையும் தென்சீனக் கடலின் விதையும் அப்போது சந்திக்க வழியில்லை. தண்ணீர் திரும்பி வந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் அந்தப் பிரிவினை டி.என்.ஏ.வில் அழியாமல் இருக்கிறது.

பிச்சாவரத்தில் ஒரு புதிர் மரம்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், சிதம்பரத்துக்குக் கிழக்கே இருக்கும் பிச்சாவரம் 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லையும் அலையாத்திக் காட்டு மரம்தான். இன்று அதைக் காண வேண்டுமென்றால் கோயில் ஊரைவிட்டுக் கழிமுகத்துக்குப் போக வேண்டும்.

அந்தப் பிச்சாவரத்தில் சுரபுன்னைகளுக்கு (ரைசோஃபோரா) நடுவே, எதிலும் சேராத சில மரங்கள் நின்றன. பரங்கிப்பேட்டையில் பணியாற்றிய பேராசிரியர் கதிரேசன் 1995-இல் அவற்றைப் புதிய இனமாக விவரித்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் ‘ரைசோஃபோரா அண்ணாமலையானா’ என்று பெயர் சூட்டினார். புதிய இனமா, இரண்டு பழைய இனங்கள் கலந்ததா என்ற கேள்வி எழுந்தது. சென்னை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடா தலைமையில் இயங்கிய குழு, 1997-இல் மரபணுக் குறிப்பான்களைக் கொண்டு விடை சொன்னது: ரைசோஃபோரா அபிகுலேட்டாவும் ரைசோஃபோரா முக்ரோனேட்டாவும் கலந்து பிறந்த பிள்ளை அது.

இதனால் அந்த மரத்தின் மதிப்பு குறைந்துவிடவில்லை. ஆனால் அதை வைத்துச் செய்ய வேண்டிய முடிவுகள் மாறுகின்றன. தனி இனம் என்றால் அதன் விதையைச் சேகரித்துப் பெருக்கத் திட்டம் போடுவோம். கலப்புப் பிள்ளை என்றால் இரண்டு பெற்றோரும் அருகருகே தழைக்கும் சூழலைக் காப்பதுதான் அறிவு. பெற்றோர் இருந்தால் பிள்ளை தானாக வரும். களத்தில் எந்த வேலையைச் செய்வது என்பதை ஓர் ஆய்வகச் சோதனை தீர்மானிக்கிறது.

அதே குழு 1990-களிலேயே கழுதைமுள்ளியிலும் வெண்கண்டலிலும் மரத்துக்கு மரம், ஊருக்கு ஊர் எவ்வளவு மரபு வேற்றுமை இருக்கிறது என்று பார்த்து எழுதியது. கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகிறது. கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. அந்தக் கட்டுரைகள் சொன்னது நாற்றங்கால் வேலை உத்தரவில் ஒரு வரியாகவாவது மாறியதா என்றால், வருத்தத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது.

முத்துப்பேட்டையின் பலவீனம்

தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திப் பரப்பு முத்துப்பேட்டை. அங்கே படகில் போனால் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் ஒரே மரம்: வெண்கண்டல். இலையின் சுரப்பிகள் வழியே உப்பை வெளியே தள்ளிவிடும் மரம் அது. வெயிலில் இலையைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். காவிரியின் கிளையாறுகள் கொண்டுவந்த நன்னீர் குறைந்துபோக, உப்பைத் தாங்காத இனங்கள் பின்வாங்கின. தாங்கியது நிலைத்தது.

ஒரே இனம் ஆளும் காட்டில், இனங்களின் எண்ணிக்கையைப் பாதுகாப்புக்கு நம்ப முடியாது. அந்த ஓர் இனத்துக்குள் இருக்கும் வேற்றுமைதான் மொத்தக் கையிருப்பு. ஒரு மரம் கூடுதல் உப்பைத் தாங்கும்; இன்னொன்று நீண்ட நாள் நீர் தேங்கினாலும் பிழைக்கும்; வேறொன்று புயலில் முறிந்த பிறகு விரைவில் துளிர்க்கும். கடல் மட்டம் ஏறி, காவிரி நீர் வரத்து மேலும் நிச்சயமற்றுப் போகும் நாளில் இவற்றில் எது தேவைப்படும் என்று இன்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டும்.

வெண்கண்டலைப் பற்றிய அறிவில் தமிழ்நாடு பின்தங்கியிருக்கவும் இல்லை. காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். நிறுவன ஆய்வாளர்களும் புவனேஸ்வரம் உயிர் அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2021-இல் இந்த மரத்தின் மரபணுத் தொகுதியை வெளியிட்டார்கள். 31 குரோமோசோம்கள், 31,477 மரபணுக்கள். மதிப்பிட்ட தொகுதியில் 98.7 விழுக்காடு கையில் வந்துவிட்டது. அதற்கும் முன்பே வெண்கண்டலின் உப்புத் தாங்கும் திறனுக்குத் துணைபோகும் மரபணு ஒன்றை எம்.எஸ்.சுவாமிநாதன் நிறுவனத்தினர் நெல்லில் செலுத்திச் சோதித்திருந்தார்கள்.

செய்தித்தாள்களில் தலைப்பாவது இதுதான்: உப்பு தாங்கும் நெல், முழு மரபணு வரைபடம். அதே வரைபடத்திலிருந்து ஆயிரக்கணக்கில் குறிப்பான்களைக் கணினியிலேயே எடுத்துவிடலாம் என்பது தலைப்பாகாது. அதற்கு நிதி கேட்டால், இதில் புதுமை என்ன என்று கேட்பார்கள். குறிப்பான் உருவாக்கும் வேலை விருது வாங்கித் தராது. அது பாதை போடும் வேலை. காட்டாங்கொளத்தூரிலிருந்து முத்துப்பேட்டைக்கு அரைநாள் பயணம்தான். மரபணுத் தொகுதி அந்தத் தூரத்தைக் கடக்க இன்னும் எத்தனை ஆண்டு ஆகும்?

பிற கடற்கரைகளில் பார்த்தது

மரபு வேற்றுமை களத்தில் உண்மையிலேயே பயன் தருமா, ஏட்டுச் சுரைக்காயா என்ற ஐயம் நியாயமானது. அலையாத்தியில் ஒரு சோதனை முடிய ஒரு தலைமுறை ஆகும். விரைவாக வளரும் கடற்புல்லில் விடை கிடைத்திருக்கிறது.

கலிஃபோர்னியாவின் பொடேகா விரிகுடாவில் ஈல்புல் என்ற கடற்புல்லைப் பாத்தி பாத்தியாக நட்டார்கள். சில பாத்திகளில் ஒரே மரபுவகை, சிலவற்றில் பல. வாத்துகள் வந்து மேய்ந்த பிறகு, பலவகை கலந்த பாத்திகளே விரைவாகத் தலையெடுத்தன. 2004-இல் வெளிவந்த முடிவு இது. அடுத்த ஆண்டே பால்டிக் கடலிலிருந்து இன்னொன்று: 2003-இன் கடும் வெப்பக் கோடையில், ஒன்றுக்குப் பதில் ஆறு மரபுவகைகள் நட்ட பாத்திகளில் புல் அடர்த்தியாக மீண்டது.

தெற்குக் கலிஃபோர்னியாவில் மறுபக்கம் தெரிந்தது. அங்கே ஒரு புல்வெளியிலிருந்து தண்டுகளைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் நட்டு வளர்த்த பரப்புகளில் மரபு வேற்றுமை இயற்கைப் பரப்புகளைவிடக் குறைந்திருந்ததை 1990-களில் குறிப்பான்கள் காட்டின. வேற்றுமை குறைந்த செடிகளின் விதைகள் முளைப்பதிலும் பின்தங்கின. வெளியே பார்த்தவர்களுக்கு அது வெற்றிகரமான நடவு.

வர்ஜீனியா கடலோரம் வேறு வழியில் போனது. தண்டுக்குப் பதில் விதை தூவினார்கள். இருபது ஆண்டுகளில் 7 கோடிக்கும் மேற்பட்ட விதைகள் தூவப்பட்டு, 3,600 ஹெக்டேருக்கும் மேல் கடற்புல் பரவியது. பரப்பு மட்டும் பெருகவில்லை, அந்தப் புல்வெளிகளில் மரபு வேற்றுமையும் உயர்ந்தே இருந்தது. எங்கிருந்து எடுத்தோம், எப்படி எடுத்தோம் என்பதில் ஒரு முடிவு. இரண்டு கடற்கரைகளில் இரண்டு எதிர்காலம்.

எல்லாவற்றையும் கவிழ்க்கும் ஒரு விதிவிலக்கும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும் கடற்புல் முழுவதும் ஒரே செடி என்று 2022-இல் கண்டார்கள். வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள். வேற்றுமையே இல்லாமல் இவ்வளவு காலம் வாழ முடியுமா என்றால், முடிந்திருக்கிறது. இரண்டு இனங்களின் தொகுதிகளை முழுதாகத் தன்னுள் வைத்திருக்கும் கலப்புச் செடி அது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். விதிவிலக்கை விதியாக நம்பிப் பாக் நீரிணையில் நடவு செய்ய முடியாது. 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தோம். கடற்பசுவின் சோறு கடற்புல். அதைப் பெருக்கப் போகிறவர்கள் கலிஃபோர்னியாவின் இரண்டு கதைகளையும் படித்துவிட்டு இறங்கட்டும்.

களையையும் காட்டிக்கொடுக்கும்

காக்க வேண்டியதை அறிய மட்டும் அல்ல, ஒழிக்க வேண்டியதை அறியவும் குறிப்பான்கள் உதவும். வட அமெரிக்கச் சதுப்புகளில் நாணல் வகை ஒன்று காட்டுத்தனமாகப் பரவியது. அது உள்ளூர்ச் செடிதானே, ஏன் திடீரென்று இப்படி என்று குழம்பினார்கள். நூறாண்டுக்கு முந்தைய உலர்தாவரச் சேகரிப்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்த 2002 ஆய்வு, பரவுவது வெளியிலிருந்து நுழைந்த வேறொரு மரபு வழி என்று காட்டியது. உள்ளூர் நாணல் ஒடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்று என்று நினைத்து மொத்தமாக வெட்டியிருந்தால், காக்க வேண்டியதையே அழித்திருப்பார்கள்.

நம் ஏரிகளை மூடும் ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. உலகெங்கும் அது புகுந்த நீர்நிலைகளில் பெரும்பாலும் ஒரே செடியின் நகல்கள்தான் பரவியிருக்கின்றன என்று 2010-இல் தெரிந்தது. களையைத் தின்னும் கூன்வண்டுகளை 1980-களிலிருந்து இந்தியாவில் விட்டுவருகிறோம். செடி எங்கும் ஒன்றே என்றால், வண்டு ஓர் ஏரியில் தோற்று இன்னோர் ஏரியில் வெல்வதற்குக் காரணத்தைச் செடியின் மரபில் தேடுவதைவிட நீரில் கலக்கும் சாக்கடையில் தேடலாம். பள்ளிக்கரணையில் பரவும் சம்பு, விதையால் பரவுகிறதா கிழங்கால் பரவுகிறதா என்று தெரிந்தால், பூக்கும் முன் வெட்டுவதா, வேரோடு தோண்டுவதா என்று முடிவெடுக்கலாம். பொக்லைன் எந்திரத்துக்கு நாள் வாடகை கொடுக்கும் முன் செய்யத்தக்க சோதனை இது.

பத்தமடைப் பாய்க்கும் கரூர், நாமக்கல் பாய்களுக்கும் ஆதாரமான கோரையும் ஈரநிலச் செடியே. கிழங்கு நட்டுத்தான் பயிராகிறது. விருப்பாட்சிக்கு நேர்ந்தது கோரைக்கு நேராமல் இருக்க, ஆற்றோரங்களில் தானாக வளரும் கோரைகளில் என்னென்ன வகை மிஞ்சியிருக்கின்றன என்று இப்போதே பார்த்துவைப்பது நெசவாளர் வீட்டு உலையோடு தொடர்புடைய விஷயம்.

மரபணு மட்டும் போதாது

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அலையாத்தி நடவு தோற்பதற்கு முதற்காரணம் மரபு அல்ல, இடம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்த நடவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை என்றது. அலை ஏறி இறங்காத இடத்தில், மண் பொருந்தாத இடத்தில் நட்டதன் விளைவு. பிச்சாவரத்தின் நசிவும் அப்படித்தான்: ஆங்கிலேயர் காலம் முதல் பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்ததால் நிலம் காய்ந்து அமிழ்ந்து குழிந்தது, குழியில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி உப்பு ஏறியது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் நிறுவனமும் வனத் துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி அலைநீரை உள்ளே விட்ட பிறகுதான் காடு திரும்பியது. வாய்க்கால் இல்லாத இடத்தில் உலகின் மிகச் சிறந்த மரபு வேற்றுமையைக் கொண்டு நட்டாலும் கருகும்.

வேற்றுமை வேண்டும் என்பதற்காகக் குஜராத்திலிருந்தோ அந்தமானிலிருந்தோ விதை வரவழைப்பதும் ஆபத்து. தொலைவில் பழகிய மரபு உள்ளூர்ச் சூழலுக்குப் பொருந்தாமல் போகலாம். உள்ளூர் மரத்தோடு கலந்து அதன் தகவமைப்பையும் நீர்த்துப்போகச் செய்யலாம். எந்தத் தூரம்வரை போகலாம் என்பதை ஊகத்தால் சொல்ல முடியாது. அதற்கும் குறிப்பான்தான் வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலில், ஆய்வகமே தேவைப்படாத ஒன்று. விதை சேகரிப்பு உத்தரவில், ஒரு நாற்றங்காலுக்குக் குறைந்தது 30 முதல் 50 தாய்மரங்களிலிருந்து, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, மரத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவில் பறிக்க வேண்டும் என்று வனத் துறை எழுதட்டும். காட்டு மர விதை சேகரிப்பில் இது பழைய நடைமுறை. மரங்களின் இருப்பிடத்தைக் கைப்பேசியிலேயே குறித்துக்கொள்ளலாம். கூலியைக் காயின் எண்ணிக்கைக்கு மட்டும் தராமல், மரத்தின் எண்ணிக்கைக்கும் சேர்த்துத் தர வேண்டும். இல்லையென்றால் உத்தரவு காகிதத்தோடு நிற்கும்.

இந்த வேலையைப் பிச்சாவரத்து இருளர்களிடமும் முத்துப்பேட்டை மீனவர்களிடமும் ஒப்படைப்பது சரியாக இருக்கும். கஜாவில் எந்த மரம் சாய்ந்தது, எது நின்றது, எது முறிந்தும் துளிர்த்தது என்று அன்றாடம் அந்த வழியே போகிறவர்களுக்குத் தெரியும். தாங்கி நின்ற மரங்களைத் தேடி டி.என்.ஏ. எடுக்கப் போகும் ஆய்வாளருக்கு அவர்கள்தான் வழிகாட்டி. வழிகாட்டியின் கூலியும் ஆய்வுச் செலவில் சேர வேண்டும்.

இரண்டாவது, வெண்கண்டல், கருங்கண்டல், இரண்டு சுரபுன்னைகள், தில்லை, ஒரு கடற்புல் என ஆறு இனங்களுக்குப் பொதுவான குறிப்பான் தொகுப்பு. ஒவ்வோர் ஆய்வகமும் தனித்தனிக் குறிப்பானைப் பயன்படுத்தினால் ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிட முடியாது. பரங்கிப்பேட்டை, காட்டாங்கொளத்தூர், எம்.எஸ்.சுவாமிநாதன் நிறுவனம் இருக்கும் தரமணி ஆகிய மூன்று இடங்களிலும் இதற்கான அனுபவம் இருக்கிறது. மாநில ஈரநில இயக்கம் அவர்களை ஒரே மேசைக்கு அழைத்து, ஒரே தொகுப்பை முடிவு செய்து, யாரும் பயன்படுத்தும்படி வெளியிடச் செய்யலாம். பழவேற்காடு முதல் தூத்துக்குடி வரை ஒவ்வொரு காட்டிலும் சில டஜன் மரங்களின் இலை போதும். இலையை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு உறையில் போட்டு வைத்தால் ஆய்வுக்கு நிதி வரும்வரை காத்திருக்கும். அடுத்த புயலில் சாயும் மரம் காத்திருக்காது.

மூன்றாவது, நடவு முடிந்த அறிக்கையில் பிழைத்த விழுக்காட்டோடு தாய்மர எண்ணிக்கையும் சேர வேண்டும். பெரிய நடவுகளில் ஐந்தாண்டு கழித்து ஒருமுறை இலையெடுத்து, இயற்கைக் காட்டோடு ஒப்பிட வேண்டும். 2022 டிசம்பரில் உலக நாடுகள் ஏற்ற குன்மிங்-மான்ட்ரியல் உயிர்ப்பல்வகைமைச் சட்டகத்தின் கீழ், ஓர் இனத்தின் கூட்டங்களில் எத்தனையில் இனப்பெருக்கத்துக்குப் பங்களிக்கும் உயிர்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டுகிறது என்பது ஒரு முக்கிய அளவுகோல். அதை ஏற்ற நாடு என்ற முறையில் இந்தியா இந்தக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். மரத்தை எண்ணி இந்த எண்ணைத் தோராயமாகத்தான் ஊகிக்க முடியும். தேசிய உயிர்ப்பல்வகைமை ஆணையத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. முதல் கணக்கை இந்தக் கடற்கரையிலிருந்து தொடங்கச் சொல்ல அதற்கு அதிகாரமும் காரணமும் உண்டு.

இதற்கெல்லாம் ஆகும் செலவு, வாய்க்கால் வெட்டவும் கன்று வளர்க்கவும் ஒதுக்கும் தொகையில் சிறு பங்குதான். நடவுத் திட்டத்தின் மதிப்பீட்டிலேயே அதைத் தனித் தலைப்பாகச் சேர்த்துவிட்டால், ஆராய்ச்சி நிதிக்கு வேறொரு கதவைத் தட்ட வேண்டியிருக்காது.

வரும் மழைக்காலத்தில் வெண்கண்டல் மீண்டும் காய்க்கும். தாய்மரக் கணக்கைக் கட்டாயமாக்கும் உத்தரவுக்கு ஒரு பக்கத் தாள் போதும். காய் முதிரும் முன் வனத் துறை அதை வெளியிட வேண்டும்.